நாய்க் கூறு

கொஞ்சம் தள்ளி உட்காரு தாயி. பயப்படாதே, கடிக்காது. கடிக்கிற தெம்பு அதற்கு இருந்தால் நான் ஏன் இதை மடியில் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் வரப் போகிறேன்?

சிரிக்காதே. நீ சிரித்ததை நான் பார்த்தேன். வாயை முந்தானையால் மூடினால் மட்டும் போதுமா, கண் சிரிக்கிறதே. ஆமாம், சோற்றில் வைத்துக் கொடுத்த மருந்தை எடுக்க வந்தது நாய்க்குத்தான். எனக்கு இல்லை. டோக்கன் கொடுக்கிறானே அந்த வெற்றிலைவாயன், அவனும் இப்படித்தான் சிரித்தான். "நாய்க்கெல்லாம் அய்யா மருந்து எடுக்கிறதில்லக்கா, மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றான். "மருந்து வச்சவ மனுசனுக்கு மட்டுந்தான் வைப்பேன்னு உனக்கு எழுதிக் கொடுத்தாளா?" என்று கேட்டேன். பதினாலாம் நம்பர் கொடுத்தான். உனக்கு எத்தனை? பதினைந்தா? சரி, எனக்குப் பின்னால்தான். எனக்கு முன்னால் கொடுத்துவிட்டானோ என்று பார்த்தேன். இந்த மாதிரி இடங்களில் அப்படியெல்லாம் செய்வார்கள்.

நீ யாருக்காக வந்திருக்கிறாய்? புருசனுக்கா? டீக்கடைக்குப் போயிருக்கிறாரா? போகட்டும், போகட்டும். எவள் வைத்தாள் என்று தெரியுமா? தெரியாதா! அது தெரியாமலா இங்கே வந்தாய்? நீ பச்சைப்பிள்ளை. எனக்குத் தெரியும். பெயர், தெரு, வீட்டு வாசலில் நிற்கிற முருங்கைமரம் முதற்கொண்டு தெரியும்.

சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் ஊரில் யாராவது ஃபாரஸ்டில் வேலை பார்க்கிறார்களா? உன் அண்ணன் தம்பி, மச்சான், யாரும்? இல்லையே? ஏனென்றால் இதில் முயல் வருகிறது. முயலை இப்போது தொடக்கூடாதாம். போன வருசம் பக்கத்து ஊரில் வேட்டைக்குப் போன அத்தனை பேரையும் பிடித்து ஃபைன் போட்டுவிட்டார்கள். எங்கள் ஊரில் இருந்துதான் எவனோ போன் பண்ணிச் சொல்லியிருக்கிறான். எவன் என்று எனக்கு ஒரு நினைப்பு உண்டு. அது வேறு கதை.

என் பெயர் வீராயி. ஊர் சொல்ல மாட்டேன். எங்கள் ஊரில் மாசி மாசம் சிவராத்திரி கழிந்து பாரிவேட்டைக்குப் போவார்கள். கம்பும் நாயுமாக வீட்டுக்கு ஒரு ஆம்பளை போக வேண்டும். கண்மாய்க்கு அந்தப் பக்கம் கருவேலங்காடு, அதைத் தாண்டிச் சரளைமேடு. விடியக் கிளம்பினால் உச்சிப்பொழுதுக்குத் திரும்பிவிடுவார்கள். பிடிபட்ட முயலை எல்லாம் சாவடி முன்னால் போட்டு, மயிர் பொசுக்கி, மஞ்சள் தடவி, துண்டு போட்டு, தேக்கிலையில் கூறு வைப்பார்கள். வேட்டைக்குப் போன ஆளுக்கு ஒரு கூறு. போன நாய்க்கு ஒரு கூறு. சிரிக்காதே, நாய்க்குத்தான். நாய் விரட்டாமல் முயல் தானாகவா வந்து இலையில் படுக்கும்? அம்பலக்காரர் வீடாக இருந்தாலும் சரி, ஆடு மேய்க்கிறவன் வீடாக இருந்தாலும் சரி, எல்லாருக்கும் ஒரே அளவு. போகாதவனுக்குக் கிடையாது. அன்றைக்கு ஊர் முழுக்க ஒரே குழம்பு கொதிக்கும். கட்டிக்கொடுத்த பெண்களெல்லாம் புருசனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

இந்த நாயை நாலு வருசத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரர் குட்டியாக வேட்டிமடியில் கட்டிக்கொண்டு வந்தார். சிப்பிப்பாறை வித்து, ஓட ஆரம்பித்தால் கால் தரையில் படாது என்றார். வேட்டு என்று பெயர் வைத்தார். எனக்கு நாய் ஆகாது தாயி. ஆனால் சோற்றில் குறை வைத்தேன் என்று எவளும் என்னைச் சொல்ல முடியாது. காலையில் பழைய கஞ்சி, பொழுது சாய்ந்தால் மிச்சம் மீதி. கொல்லையில் விளிம்பு உடைந்த சட்டி ஒன்று கிடக்கிறது, அதில் ஊற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். நிலைப்படியில் கால் வைத்தால் விளக்குமாறு. ரெண்டே அடிதான், புரிந்துகொண்டது. நாலு வருசத்தில் ஒரு நாள் நிலைப்படி தாண்டியதில்லை. அப்படி வளர்த்திருக்கிறேன்.

ஆனால் ஒரு வருசம் போனதும் பார்க்கிறேன், சட்டியில் ஊற்றிய கஞ்சி அப்படியே கிடக்கிறது. காக்காய் தின்கிறது. நாய் மட்டும் மினுமினுவென்று இருக்கிறது. எங்கே தின்கிறது இது? ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். தெருக்கடைசியில் ஒரு வீடு. வாசலில் முருங்கைமரம். அழகுபிள்ளை வீடு.

அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்.

அவள் புருசன் வெள்ளைக்கண்ணு. ஒரு காலத்தில் எங்கள் ஊரில் அவரை மிஞ்சின வேட்டைக்காரன் இல்லை. ஆறு வருசத்துக்கு முன்னால் பாரிவேட்டையில் முயலை விரட்டிக்கொண்டு ஓடினவர், கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்துவிட்டார். தண்ணீர் இல்லாத கிணறு. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அன்றைக்கு என் வீட்டுக்காரரும் பக்கத்தில்தான் ஓடினாராம். இவர்தான் உள்ளே இறங்கித் தூக்கினார். தூக்கினாய், சரி. நல்ல காரியம். அதற்காக ஆறு வருசமாகவா தினமும் போய்ப் பார்ப்பது? படுத்துக் கிடக்கிற மனுசனிடம் பார்ப்பதற்குத் தினமும் புதிதாக என்ன இருக்கிறது? நான் கேட்டேன். "சும்மா பேசிக்கிட்டிருந்தேன்" என்பார். சும்மா ஒரு ஆம்பளை ஒரு வீட்டுக்குப் போவானா?

என்னிடம் பேசமாட்டார். என் வீட்டில் நாலு வாய் தின்றதும் எழுந்துவிடுவார். அவர் ஒரு இடத்தில் உட்காருவதே சாப்பிடும்போதுதான், அதனால் நானும் எதிரே உட்கார்ந்து அப்போதுதான் கேட்பேன். எங்கே போனீர்கள், யார் யார் இருந்தார்கள், அவள் என்ன சொன்னாள், அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள். கேட்காமல் எப்படித் தெரிந்துகொள்வது? தட்டையே பார்த்துக்கொண்டு தின்பார். குற்றம் இல்லாதவன் ஏன் தாயி தட்டைப் பார்க்கிறான்?

இந்த வருச வேட்டைக்கு வருகிறேன். என் மகள் செவ்வந்தி மருமகனோடு வந்திருந்தாள். கல்யாணம் ஆகி முதல் பாரிவேட்டை. மருமகனுக்கு முயல்கறி என்றால் உயிர். பதினொரு முயல் விழுந்தது என்று சத்தம் கேட்டதும் அம்மியில் மிளகும் சீரகமும் அரைத்து வைத்துவிட்டேன். சின்ன வெங்காயம் ஒரு படி உரித்து வைத்திருந்தேன். முயல்கறி ஆட்டுக்கறி மாதிரி இல்லை. அதில் கொழுப்பே கிடையாது, வெறும் சதை. நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றினால்தான் இளகும். நீ எப்படி வைப்பாய்? தேங்காய் அரைப்பாயா? சரி, ஊருக்கு ஒரு வழக்கம்.

இவர் வந்தார். கையில் ஒரு பொட்டலம். ஒன்றே ஒன்று. "இன்னொண்ணு எங்க?" என்றேன். "இதை வையி" என்றார். மருமகன் காதில் விழுமே என்று நான் வாயை மூடிக்கொண்டேன். ஒரு கூறு என்றால் ரெண்டு கைப்பிடி. அதில் கழுத்தும் விலாவும் வேறு. நாலு பேருக்கு எப்படிக் காணும்? குழம்பை நீர்க்க வைத்து, உருளைக்கிழங்கு ரெண்டு போட்டு ஒப்பேற்றினேன். பாரிவேட்டைக் குழம்பில் உருளைக்கிழங்கு! எங்கள் ஊரில் எவளாவது கேட்டால் காறித் துப்புவாள்.

மருமகன் சோற்றைக் கிளறிக் கிளறிப் பார்த்தார். முயல் எங்கேயாவது பதுங்கியிருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. அப்புறம் கேட்டார்.

"ஏத்தே, நாயும் போச்சுல்ல? நாய்க் கூறு எங்க, நாயே தின்னுருச்சா?"

செவ்வந்தி அவர் தொடையில் கிள்ளினாள். "சும்மா கேட்டேன்டி, கெழங்கும் நல்லாத்தான் ஓடிருக்கும்போல" என்றார். எனக்கு உச்சந்தலையில் தீ வைத்த மாதிரி இருந்தது. நான் இவரைப் பார்த்தேன். இவர் இலையில் ஒரு துண்டுகூட வாங்கிக்கொள்ளவில்லை. "மாப்பிள்ளைக்கு வையி" என்று குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டார்.

"மாப்பிள்ளை கேட்கிறார்ல, சொல்லுங்களேன். நாய்க் கூறு எங்க?"

"அது போக வேண்டிய வீட்டுக்குப் போயிருச்சு" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார்.

போக வேண்டிய வீடு. நீயே சொல். கல்யாணமாகி இருபத்தேழு வருசம். என் வீட்டைத் தவிர அவருக்குப் போக வேண்டிய வீடு எது?

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே இறங்கினார். நான் மருமகனுக்கு மோர் ஊற்றினேன். செவ்வந்தியிடம், "அரிசி புடைக்கச் சொளகு வாங்கிட்டு வந்துர்றேன்" என்றேன். "இப்ப எதுக்கும்மா சொளகு?" என்றாள். அவளும் அப்பா பக்கம்தான், சின்ன வயதிலிருந்தே.

முருங்கைமரத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். வாசலில் கயிற்றுக்கட்டில். வெள்ளைக்கண்ணு முதுகுக்கு ரெண்டு தலையணை கொடுத்துச் சாய்ந்திருக்கிறார். மடியில் தட்டு. என் வீட்டுக்காரர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் முன்னாலும் ஒரு தட்டு. தட்டில் கறி. என் வீட்டில் துண்டு வேண்டாம் என்றாரே, அந்த மனுசன்!

"எங்க மடக்குச்சு? ஓடைக்கரையிலயா?" என்று வெள்ளைக்கண்ணு கேட்கிறார்.

"ஓடையத் தாண்டிருச்சுப்பா. கள்ளிவேலிக்குள்ள நுழைய இன்னும் ஒரு பாகத் தூரம்தான். இவன் என்ன பண்ணான் தெரியுமா? நேரா விரட்டல. இப்பிடிப் போயி, இப்பிடி வந்து..." கையை நாய் மாதிரி வைத்துக்கொண்டு தரையில் ஓட்டிக் காட்டுகிறார்.

"நான் சொன்னேன்ல, அவன் எங்கிட்டக் கத்துக்கிட்டான்" என்று அந்த மனுசன் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். இவரும் சிரிக்கிறார். இருபத்தேழு வருசத்தில் என் வீட்டில் இவர் இப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. நாய் கட்டிலோடு ஒட்டி நிற்கிறது. அதற்குத் தனியாக ஒரு அலுமினியத் தட்டு, தேய்த்துப் பளபளவென்று. வெள்ளைக்கண்ணு எலும்பை உருவிவிட்டுச் சதையைத் தன் கையாலேயே அதன் வாயில் வைக்கிறார்.

ஆனால் நான் பார்த்தது இதையெல்லாம் இல்லை தாயி. நான் பார்த்தது அவளை. அடுப்படியில் இருந்து சோற்றுச்சட்டியோடு வந்தாள். தலையில் கனகாம்பரம். புருசன் படுக்கையில் கிடக்கும்போது எவளுக்குப் பூ வைக்கத் தோன்றும்? நீ வைப்பாயா? "புருசன் உயிரோடத்தானே இருக்காரு" என்கிறாயா? நீ என்ன, அவளுக்குச் சொந்தமா?

என்னைப் பார்த்துவிட்டாள். பதறவே இல்லை. பதறியிருந்தால்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். "வாங்கக்கா, வாங்க. ஒரு வாய் சாப்பிடுங்க. நம்ம வேட்டு பிடிச்ச கறி" என்றாள்.

நம்ம வேட்டாம்.

"எங்க வீட்டுக் கறியை எனக்கே பரிமாறுறியா?" என்று ஆரம்பித்தேன். அப்புறம் என்ன பேசினேன் என்று முழுசாக ஞாபகம் இல்லை. தெருவே கூடிவிட்டது. வெள்ளைக்கண்ணு தட்டை மெதுவாகக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். துணியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரர் கை அப்படியே நின்றது. எச்சில் கையோடு எழுந்து, என்னைத் தாண்டி, கழுவாமலே போய்விட்டார். பேச வாய் இருந்தால் நின்று பேசியிருப்பார் அல்லவா?

நான் விடவில்லை. நேரே சாவடிக்குப் போனேன். அம்பலக்காரர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கூறு வைத்தவர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

"எங்க வீட்டு நாய்க்குக் கூறு வச்சீங்களா இல்லையா மாமா?"

"வச்சோம் ஆத்தா."

"யார்ட்டக் கொடுத்தீங்க?"

"நாய்க் கூறு நாய்க்குச் சோறு போடுற வீட்டுக்கு. அதான ஊர் வழக்கம்" என்றார்.

நான் வாக்கப்பட்டு வந்து இருபத்தேழு வருசத்தில் இப்படி ஒரு வழக்கத்தைக் கேட்டதே இல்லை. "எந்தக் காலத்து வழக்கம்? யார் சொன்னது?" என்றேன். அவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பினார். "வீராயி, வேட்டைக்குப் போக முடியாதவன் வீட்டுலயும் அன்னைக்குக் குழம்பு கொதிக்கணும்ல. இனாமாக் கொடுத்தா வெள்ளைக்கண்ணு வாங்குவானா? நாய்க்குன்னு கொடுத்தா வாங்கிக்கிறான். ஆறு வருசமா ஏதாவது ஒரு நாய் பேரைச் சொல்லி அந்த வீட்டுக்குக் கூறு போகுது. இந்த வருசம் உங்க நாய் பேரு. விட்டுரு" என்றார்.

பார்த்தாயா, அம்பலக்காரரும் கூட்டு. எத்தனை வாய் அந்த வீட்டில் நனைந்திருக்கிறதோ!

"சோறு போடுறது நான். கொல்லையில வந்து சட்டியைப் பாருங்க" என்றேன். அப்போது எவனோ ஒருத்தன், கூறு வைத்தவர்களில் ஒருத்தன், "அதுக்கென்ன, நாயையே கேட்டுருவோம். கூப்பிடு ஆத்தா" என்றான். நாய் கூட்டத்தோடு வந்து, சாவடி ஓரம் நின்ற மாட்டுவண்டிக்கு அடியில் படுத்திருந்தது. நான் கூப்பிட்டேன். "வேட்டு! வாடா இங்கே!"

என் குரலுக்கு அதனிடம் ஒரு மரியாதை உண்டு தாயி. காதை மடக்கி, வாலைக் காலுக்குள் சொருகி, வயிறு தரையில் தேய அப்படியே பதுங்கியது. பயபக்தி. கொஞ்சம் மூத்திரம்கூட விட்டுவிட்டது. ஆனால் பக்கத்தில் வரவில்லை. பிறகு எழுந்து, சுவரோரமாகவே நடந்து, தெருக்கடைசிக்குப் போய்விட்டது.

சிரித்திருந்தால் திட்டியிருப்பேன். வெற்றிலையை மென்றுகொண்டு எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மருமகன் அன்றைக்கே செவ்வந்தியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "வேலை இருக்கு அத்தே" என்றார். நல்ல நாளில் என்ன வேலை? ஊரில் போய் என்ன சொல்லியிருக்கிறாரோ.

நான் கயிறு வாங்கினேன். நாயைப் பிடித்து வந்து கொல்லையில் கட்டினேன். என் சோற்றை ஊர் பார்க்கத் தின்னட்டும், அடுத்த பாரிவேட்டைக்கு என் வாசலில் கூறு வந்து விழட்டும் என்று ஒரு வைராக்கியம். முதல் நாள் கஞ்சி வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. ரெண்டாம் நாள் சோறு. மூணாம் நாள் கருவாடு போட்டு. நாலாம் நாள் முட்டை, முழுசாக ஒரு முட்டை தாயி, நானே தின்பதில்லை. தூரத்தில் நின்று கம்பால் சட்டியைத் தள்ளிவிட்டு, "தின்னு! தின்னுடா! தின்னப் போறியா இல்லையா?" என்று தொண்டை கிழியக் கத்தினேன். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. தண்ணீர் மட்டும் நக்கியது.

சண்டை நடந்த நாளில் இருந்து இவரிடம் பேச்சில்லை. நாலாம் நாள் கொல்லைக்கு வந்து நின்றார். நாயைத் தொட்டுப் பார்த்தார்.

"அவுத்து விடு. செத்துரும்."

"செத்தா எங் கொல்லையில சாகட்டும்" என்றேன். அவளிடம் போகட்டும் என்று அவிழ்த்து விடவா நான் கட்டினேன்?

அவர் ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தார். தட்டைப் பார்க்கிற மனுசன், அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தார். "இந்தா பாரு. இது செத்துச்சுன்னா நான் இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன். சாமி சத்தியம்" என்றார்.

சத்தியம் பண்ணுகிற ஆள் இல்லை தாயி அவர். எங்கள் கல்யாணத்தன்றைக்குக்கூட என்னிடம் ஒன்றும் சொன்னதில்லை. ஆறு நாளாகிவிட்டது இன்றோடு. நாய் போனால் அவரும் போய்விடுவார். அவருக்குச் சோறு போடாமல் நான் அந்த வீட்டில் என்னத்துக்கு உட்கார்ந்திருப்பது? சட்டி பானையோடு பேசிக்கொண்டா?

அவிழ்த்து விடவும் மனசு வரவில்லை. அவிழ்த்தால் நேரே அங்கேதான் போகும். நான் தோற்றேன் என்று ஊர் பேசும்.

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று விளங்கியது. என்ன சோறு வைத்தாலும் தின்னாமல், ஒரே வீட்டு வாசலையே நினைத்துக்கொண்டு கிடக்கிறது என்றால் அது என்ன? மருந்து! சோற்றில் வைத்துப் பிசைந்து கொடுத்துவிட்டால் தின்ற உயிர் கொடுத்தவளைத்தானே சுற்றும்? இவரும் அப்படித்தான், இதுவும் அப்படித்தான். ஒரே கை, ஒரே மருந்து. முதலில் ஆளுக்கு வைத்திருக்கிறாள், அப்புறம் நாய்க்கு. இல்லையென்றால் முதலில் நாய்க்கு வைத்துப் பார்த்திருக்கிறாள், பலிக்கிறதா என்று. இத்தனை நாள் இது என் மரமண்டைக்கு எட்டவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

இன்றைக்கு அவர் காட்டுக்குப் போனதும் இதைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நடக்க மாட்டேன் என்கிறது. மினிபஸ்காரன் ஏற்றவில்லை. ஒரு குட்டியானை வண்டிக்காரன் ஏற்றினான். நாய் எதற்கு, எங்கே போகிறீர்கள் என்று வழியெல்லாம் துருவித் துருவிக் கேட்டான். எதற்குக் கேட்கிறான்? நான் வாயே திறக்கவில்லை.

உள்ளே அய்யா குழல் வைத்து வயிற்றில் இருந்து மருந்தை உறிஞ்சி எடுப்பாராமே? எடுத்து உள்ளங்கையில் துப்பிக் காட்டுவாராம். நீயும் முதலிலேயே அந்தக் குழலை வாங்கி ஊதிப் பார்த்துவிடு. எதையாவது கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு துப்பினால் நமக்கு என்ன தெரியும்? நம்பி வந்திருக்கிறேன், இருந்தாலும் ஒரு எச்சரிக்கை.

என்ன அது, டிபன் டப்பாவா? பசிக்கிறதா உனக்கு? தின்னு. எனக்கு வேண்டாம், நான் வெளியில் தின்பதில்லை. யார் வீட்டுச் சோறானாலும்.

ஏய். ஏய், அதற்கு ஏன் நீட்டுகிறாய்? தின்னாது, வீணாகப் போகும். ஆறு நாளாக முட்டைக்கே வாய் திறக்காதது உன் தயிர்ச்சோற்றுக்கா...

தின்கிறது.

தின்கிறதே தாயி.

இரு. நிறுத்து. என்ன போட்டாய் அதில்? மறைக்காமல் சொல்லு. தயிர், உப்பு, அவ்வளவுதானா? நீ ஒரு வாய் தின்று காட்டு. ம். இன்னொரு வாய். சரி. இப்போது அந்த டப்பாவை இப்படிக் கொடு. நீ கை வைக்காதே. என் நாய், நான் வைக்கிறேன்.

தரையில் போட்டால் ஆகாதா? உள்ளங்கையில் வைத்தா? கடித்து வைத்தால்? ... நான் எங்கே கத்தினேன்? என் குரலே இப்படித்தான். சரி, நீ அந்தப் பக்கம் திரும்பிக்கொள். பார்க்காதே. நீ பார்த்தால் எனக்கு வராது.

வேட்டு. இந்தாடா. இந்தா.

பதுங்குகிறது பார். நான் என்ன செய்துவிட்டேன்? இந்தா ராசா. விளக்குமாறு இல்லை, கம்பு இல்லை, பார், வெறுங்கை. தின்னு. நீ தின்னாவிட்டால் நான் என்ன செய்வேன்?

ஐயே. நாக்கு என்ன இப்படிச் சுடுகிறது தாயி. சொரசொரவென்று இருக்கிறது. விரல் இடுக்கில் எல்லாம் விட்டு நக்குகிறது. சீ, கூசுகிறது. இரு, இரு, எடுக்காதே, இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பல் படவே இல்லை. வாலை லேசாக ஆட்டுகிறதா? எனக்குக் கண் மங்கலாகத் தெரிகிறது, நீ பார்த்துச் சொல்லு. ஆட்டுகிறதா?

கூப்பிடுகிறானா? பதினாலா? நான் போகவில்லை, நீ போ. என்னத்துக்கு இனி உள்ளே போவது? உனக்குப் புரியவில்லையா? மருந்து இறங்கிவிட்டது! வாசலில் உட்கார்ந்த ராசிக்கே இறங்கிவிட்டது. உள்ளே போயிருந்தால் அந்த வெற்றிலைவாயன் தட்சிணை என்று பிடுங்கியிருப்பான். அதுதான் இந்த அய்யா கைராசி என்கிறார்கள். ஆள் பார்க்க வேண்டியதே இல்லை, காற்றுப் பட்டால் போதும்.

இனி அவரைத்தான் கொண்டு வர வேண்டும். அவருக்கு வைத்தது இன்னும் பழசு, இறுகிக் கிடக்கும். நாயாவது கயிறு கட்டித் தூக்கியதும் வந்துவிட்டது. அந்த மனுசனை எப்படி இந்த வாசலுக்கு இழுத்துக்கொண்டு வருவது என்றுதான் தெரியவில்லை தாயி. நீ உன் புருசனை என்ன சொல்லிக் கூட்டி வந்தாய்?